பொதுச்சுவரும் உப்பு மூட்டைகளும்

நேற்று மகன் வீட்டில் இருந்தேன். பக்கத்துப் போர்ஷன்காரர் சுவரில் டிரில் போட்டார். "செவுத்துல ஃபோம் ஒட்டிடலாம்மா, சத்தம் கேக்காது" என்றான் மகன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரையும் சத்தத்தையும் பற்றி எனக்கே பாடமா?

இவன் சின்னப் பையனாக இருந்தபோது மரக்காணத்தில் வரிசை வீட்டில் குடியிருந்தோம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே நாலரை இஞ்சுச் சுவர். விடியுமுன் உப்பளத்துக்குப் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்பி, உப்பு அரித்த கால் எரிய எரியப் படுப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுச் சேகர், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கிச் சோதித்துப் பார்ப்பான். "ஹலோ, மைக் டெஸ்டிங்!" என் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் நடக்கும்.

நேரில் போய்ச் சொன்னேன். "என் வூட்ல நான் பாட்டு போடுறேன். தூக்கம் வரலன்னா உப்பளத்துலயே படுத்துக்கோக்கா" என்றான். உள்ளே அவன் சிநேகிதர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

முட்டை அட்டை ஒட்டினேன். பழைய புடவைகளைத் தொங்கவிட்டேன். வீடு நாடகக் கொட்டகை மாதிரி ஆனதுதான் மிச்சம். கொத்தனாரான என் தம்பி வந்து பார்த்தான். "மெத்துன்னு ஒட்டினா சத்தம் நிக்காதுக்கா. கனமா எதையாவது வெய்யி. மணல் மூட்டை அடுக்கு" என்றான்.

மணலும் கனம்தான், உப்பும் கனம்தான். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று உப்பளத்தில் நின்றவளுக்குத் தெரியாதா? மண் கலந்து ஒதுக்கிய உப்பைக் கேட்டு வாங்கி, மூட்டை கட்டி, சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு அடுக்கினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. மீதிக்கு மழையை எதிர்பார்த்திருந்தேன்.

ஐப்பசியில் உப்பு கசிந்து சுவர் ஊறியது. சேகரின் மனைவி லதா வாசலுக்கு வந்தாள். "அக்கா, எங்க பக்கம் செவுரெல்லாம் ஈரம். ஆம்ப்ளிஃபயர்கூட துருப்புடிச்சிடுச்சி. உங்க பக்கமும் அப்படித்தான் இருக்குதா?"

"இல்லியேம்மா" என்றேன், வாசலை மறித்து நின்றுகொண்டு.

தை மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் பாட்டு பாதியில் நின்று, பெண் வீட்டார் சேகரைச் சபையில் வைத்து ஏசினார்களாம். கேள்விப்பட்ட அன்றே பாயசம் வைத்தேன். இரண்டு டம்ளர் குடித்தேன். பிறகு அவனைக் கூப்பிடுவார் இல்லை. மைக் செட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினான்.

சொல்லிக்கொண்டு போக லதா உள்ளேயே வந்துவிட்டாள். மூட்டைகளைப் பார்த்தாள். சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "வர்றேங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மழையில் சுவர் என் பக்கமே சரிந்தது. அப்புறம் அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள். சேகருக்குச் செய்ததற்கு இன்றைக்கும் நான் வருந்தவில்லை. லதாவைத்தான் அதன்பின் எங்கேயும் பார்க்க முடியவில்லை.