நானாவின் முட்டைகளுக்கு ஒரு காந்த ஜெனரேட்டர்

கம்பி சுற்றுகிறவனிடம் எரிந்துபோன மோட்டரைத் தவிர வேறு எதையும் கேட்கக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், முதலில் கைதட்டுவது நானாகத்தான் இருக்கும். கட்டுகஸ்தோட்டையில் கடை. ஃபேன், தண்ணீர் மோட்டர், கிரைண்டர், எது எரிந்தாலும் பழைய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு என் வேதனை புரியும்.

பக்கத்து ஊர் மடவளையில் ரிஸ்வான் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருக்கிறார். அதில் பல்பின் சூட்டில்தான் குஞ்சு பொரிக்கும். போன மின்வெட்டில் பல்பு அணைந்து முட்டையெல்லாம் கெட்டுப்போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால், அக்குறணையில் மச்சானின் துணிக்கடையில் சேலை மடிக்கப் போகவேண்டியதுதான் என்று என் கடைக் கதிரையில் உட்கார்ந்து கண் கலங்கினார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடை இருப்பது எனக்குத் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "காந்த ஜெனரேட்டர் ஒண்ணு செஞ்சு அந்தத் தண்ணியில சுத்தவிட்டா, பேட்டரி ஏறும் நானா, பல்பு அணையாது" என்று சொல்லிவிட்டேன்.

பழைய வேனின் பிரேக் தட்டுகள் இரண்டில் காந்தங்களை ஒட்ட வேண்டும். நடுவில் செம்புச் சுருள்கள் அசையாமல் நிற்கும். தட்டுகள் சுற்றினால் கரன்ட் வரும். இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

தானே ஓடும் மிஷின்

கடைக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் இருக்கிறார். செய்தி காதில் விழுந்ததும் வந்துவிட்டார். "ஓடை எதுக்குத் தம்பி? இதுல வர்ற கரன்ட்ல ஒரு மோட்டர ஓட்டுங்க. அந்த மோட்டர் இதச் சுத்தட்டும். காலம் பூரா ஓடும். யூடியூப்ல ஒரு பையன் சைக்கிள்லயே செஞ்சு காட்டுறான்" என்றார். காந்தத்தைக் கையில் எடுத்த எவனும் இந்த யோசனையிலிருந்து தப்பியதில்லை.

வாயால் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. என் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவை டயரில் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றச் சொன்னேன். லைட் எரிந்தது, ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. "பாத்தீங்களா, கரன்ட் சும்மா வராது" என்றேன். தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க சைக்கிள் பழசு தம்பி. யூடியூப்ல அந்தப் பையனோட சைக்கிள் புதுசு."

ஊக்கு

கொழும்பிலிருந்து காந்தங்கள் வந்தன. தீப்பெட்டி அளவுதான், பிடித்தால் விடாது. கடையில் இடமில்லாததால் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து ஒட்ட ஆரம்பித்தேன்.

என் மனைவி செல்வி தேத்தண்ணீர்க் கோப்பையை எனக்கு முன்னால் வைக்கக் குனிந்தாள். நம் வீட்டுப் பெண்கள் தாலிக்கொடியில் நாலைந்து ஊக்கு மாட்டி வைத்திருப்பார்களே, அதை நான் யோசிக்கவில்லை. டப்பென்று ஊக்குகள் தட்டில் ஒட்ட, கொடியோடு அவள் கழுத்தும் கீழே வந்தது. தேத்தண்ணீர் என் மடியில். இழுத்தால் கொடி அறுந்துவிடும். ஒவ்வொரு ஊக்காகத் திறந்து கழற்றும் வரை இருவரும் தட்டின் மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு கிடந்தோம். நிமிர்ந்ததும் செல்வி நிதானமாகச் சொன்னாள்: "கட்டுனது நீங்க, கழட்டப் பாக்குறது உங்க மிஷினா? எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு கடைக்குப் போங்க."

பொட்டு வைத்த தட்டு

காந்தத்தை ஒன்று வடக்கு, அடுத்தது தெற்கு என்று மாற்றி மாற்றி ஒட்டினால்தான் கரன்ட் வரும். எது வடக்கு என்று தெரிவதற்காகச் செல்வியின் ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்து வடக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். கடையில் பசையைப் பூசியதும் கரன்ட் போய்விட்டது. பசை நமக்காகக் காத்திருக்காது. இருட்டில் விரலால் தடவித் தடவி, அவசரத்தில் எல்லாப் பொட்டையும் மேலே பார்க்கவே வைத்துவிட்டேன். இரண்டு தட்டும் அப்படியே.

நானா பார்க்க வந்த அன்று முட்டைகள் ஏற்கனவே பெட்டிக்குள் போயிருந்தன. நான் சுற்றினேன், சுற்றினேன், மீட்டர் முள் படுத்தே கிடந்தது. நானா தட்டைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொட்டெல்லாம் வடிவாத்தான் ஈக்கிது பாஸ். கரன்ட்டத்தான் காணல்ல."

பெட்டிக்குள் சத்தம்

காந்தங்களைப் பெயர்த்து, நல்ல வெளிச்சத்தில் மறுபடி ஒட்டி, ஓடையில் ஒரு தண்ணீர்ச் சக்கரத்தோடு பூட்டினேன். நினைத்தபடியே, குஞ்சு பொரிக்கும் நேரம் பார்த்து மின்வெட்டு வந்தது. மடவளை முழுக்க இருட்டு, நானாவின் பெட்டியில் மட்டும் வெளிச்சம். சக்கரத்தில் இலை அடைக்காமல் இருக்க நான் குச்சியோடு ஓடையில் நின்றேன். விடிந்த பிறகு உள்ளே கீச் கீச் என்று சத்தம் கேட்டது.

ஈரம் காயாத குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்த நானா, "இனி சேல மடிக்கப் போகத் தேவல்ல பாஸ்" என்றார். அப்போது பிளேன் டீ கொண்டுவந்த அவர் மனைவி, சமையலறைப் பக்கம் தன் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்த அடைக்கோழியைக் காட்டினார்: "அது உங்கட மிஷினுக்கு முந்தியே பொரிச்சிட்டு பாஸ். அதுக்கு வயரும் தேவப்படல்ல, பொட்டும் தேவப்படல்ல."

காந்தமும் கம்பியும் ஓடையும் இருந்தால் யாரும் வீட்டிலேயே கரன்ட் எடுத்துவிடலாம், ஆனால் பக்கத்தில் அடைக்கோழி மட்டும் இருக்கக்கூடாது.