தோப்புக்குக் கொடுத்த நாய்

எங்கள் நாய்க்கு வேறு வீடு தேடி அலைந்த அந்த ஒரு மாதத்தில், திண்டுக்கல்லில் எனக்கு யோசனை சொல்லாதவர்களே கிடையாது. கணவருக்கு இளைப்பு முற்றிவிட்டது. நாய் முடி வீட்டில் இருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு பார்த்தோம். அந்த வீட்டுக்காரரோ நாய் என்ற பேச்சை எடுத்ததும் சாவியைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆறு வயதுப் பெண் நாய், பழுப்பு நிறம், நாட்டு நாய். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

வாட்ஸப்பில் படம் போட்டேன். ஆளாளுக்கு இதயம் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் "கடுவனா, பொட்டையா?" என்று கேட்டார், பதிலைப் பார்த்ததும் அவரும் காணாமல் போனார். காப்பகத்தில் இடமில்லை. "சிறுமலை ரோட்டுல கொண்டுபோயி விட்ருங்க. ரெண்டு நாள் கத்தும், பெறகு அதுவாப் பொழச்சுக்கும்" என்றார் என்னோடு வேலை பார்க்கும் புண்ணியவதி ஒருவர். அவரோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவதை அன்றோடு விட்டேன்.

கால்நடை டாக்டர்தான் நிதானமாகப் பேசினார். "ஏம்மா ஒரேயடியாக் குடுக்கணும்? சாருக்கு உடம்பு தேறுற வரைக்கும் யாருகிட்டயாச்சும் விட்டுவைங்க. நீங்க அப்பப்பப் போயிப் பாத்துக்கலாம்ல." நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. எனக்கு அப்போது ஒரு முடிவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

செம்பட்டிக்கு அந்தப் பக்கம் என் பெரியப்பா மகன் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். "கொண்டாந்து விடு தங்கச்சி, தோப்புக்கு ஒரு நாய் வேணும்னுதான் இருந்தேன்" என்றார். டவுனில் தேங்காய் இறக்கிவிட்டுத் திரும்பிய அவருடைய குட்டி யானை வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனேன். எங்கேயோ ஊர் சுற்றப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் வழியெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

எங்கள் பக்கம் மாடு விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டோம். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவருவார். பழையதை அவிழ்த்து நாம் வீட்டுக்கு எடுத்து வந்துவிட வேண்டும். கயிற்றோடு கொடுத்தால் அப்புறம் தொழுவம் விருத்தியாகாது என்பார்கள். நான் படித்தவள், ஆபீசில் உட்கார்ந்து நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவள். ஆனாலும் தோப்பில் இறங்கியதும் என் கை தானாக அவள் கழுத்துக்குப் போய் பெல்ட்டைக் கழற்றியது. அண்ணனும் புதுக் கயிற்றோடு தயாராக நின்றார். பெல்ட்டின் மேல் மார்க்கரில் என் போன் நம்பரைப் பெரிதாக எழுதியிருந்தேன். அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே அது தப்பாகப் படவில்லை.

"கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத. ஒன்னையப் பாத்தா மறக்காது" என்றார் அண்ணன். நானும் போகவில்லை. அந்த வாரமே மாடி வீட்டுக்கு மாறினோம்.

பத்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். "கயித்துலருந்து தலைய உருவிக்கிட்டு ஓடிருச்சு தங்கச்சி. நாலு நாளாச்சு. தேடிப் பாத்துட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன்."

லீவு போட்டு இரண்டு நாள் செம்பட்டியில் தேடினேன். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, கறிக்கடை என்று போனில் படத்தைக் காட்டாத இடமில்லை. வண்டியில் வந்தவளுக்கு டவுனுக்கு வழி எப்படித் தெரியும் என்ற நினைப்பில் பழைய வீட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது.

பழைய வீடு இருந்தது ஊருக்கு வெளியே புதுக் காலனியில். சுற்றிலும் வெறும் மனைகள்தான். அவளை அடையாளம் தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்தில் யாருமில்லை. எங்களுக்குப் பிறகு குடிவந்த பெண் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தார். இங்கே நாய் எதுவும் வந்ததா என்று கேட்டேன்.

"ஆமாக்கா, வந்துச்சு. கால்லாம் புண்ணு. வாசல் கேட்டுக்குப் பக்கத்துலயே மூணு நாளாப் படுத்துக் கெடந்துச்சு. பிள்ளைக பயந்துச்சுகன்னு தண்ணிய ஊத்தி வெரட்டுனோம். செத்த நேரம் போகும், மறுபடி வந்து படுத்துக்கும். கழுத்துல ஒண்ணுமே இல்லக்கா. பெல்ட்டு கில்ட்டு இருந்தா வளக்குற நாயின்னு தெரிஞ்சு நாலு பேருகிட்டக் கேட்டிருப்போம். தெருநாயின்னுதான் சோறுகூட வைக்கல, பழகிருமேன்னு. நேத்துக் காலைல பாத்தா செத்துக் கெடக்கு. முனிசிபாலிட்டி வண்டில எடுத்துட்டுப் போயிட்டாங்க."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு, பயந்துபோன குரலில் கேட்டார்.

"ஒங்க நாயாக்கா?"

"இல்லம்மா" என்றேன். "தெரிஞ்சவங்களோடது."

அவர் முகம் தெளிந்தது. வெயிலில் வந்திருக்கிறீர்களே, உள்ளே வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். போய் உட்கார்ந்து குடித்தேன்.