விஷம் வைத்த கை

சுப்பாத்தாளின் வாய்க்கு வெள்ளகோவில் வட்டாரமே பயப்படும். வைதாலும் மரியாதை குறையாது. அதுதான் கூடுதலாகச் சுடும். "நீங்கெல்லாம் நல்லா இருப்பீங்களா?" என்று தொடங்கினால் எதிராளி தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டிவிடுவார். புருசன் போனபின் மூன்று ஏக்கரையும் அந்த வாயை வைத்துத்தான் காப்பாற்றினாள்.

1996 மாசியில் அவளுடைய தர்ப்பூசணிக் கொடிகள், பாத்தியில் ஈரம் இருக்கும்போதே, நாலே நாளில் வாடிச் சுருண்டன. அதற்கு முந்தின நாள் மருந்து டப்பாவோடு வேலியோரம் நின்றவன், அவளை 'நங்கையா' என்று கூப்பிடும் கொழுந்தன் தம்பிதுரை. அவனோடு வரப்புத் தகராறு வேறு. இதற்குமேல் சாட்சி எதற்கு?

பஸ் ஏறி ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனாள். மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசினாள். "என்ர கொடிக்கு விஷம் வெச்ச கை அழுகோணும் தாயீ!" பெயர் சொல்லவில்லை, அம்மனுக்குத் தெரியாதா? திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெயரை அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னாள்.

பத்தே நாளில் தம்பிதுரை மகள் நித்யஸ்ரீக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது. மாசாணியிடம் மிளகாய் அரைத்துச் சபிக்கப்பட்ட வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்றார்கள். சுப்பாத்தாளுக்கு அன்றுதான் சோறு இறங்கியது.

அதோடு விட்டாளா? எழுத்தில் ஆதாரம் வேண்டுமென்று வாடிய கொடியைக் கோயமுத்தூர் வேளாண் கல்லூரியில் கொடுத்தாள். அடுத்த வாரம் போனபோது, ஆய்வு செய்த பிரவீனா இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினாள். வெறும் தண்ணீரில் வைத்த நாற்று நிமிர்ந்து நின்றது. மற்றது துவண்டு கிடந்தது.

"உங்க கொடியில இருந்த பூஞ்சையை வளர்த்து, வடிகட்டி எடுத்த தண்ணிம்மா இது. பூஞ்சை துளிகூட இல்லை. அது கக்கின விஷம் மட்டுந்தான்."

"விஷந்தானே? நாந்தான் அப்பவே சொன்னேனே அம்மணி!"

"மனுசன் வெச்சதில்லீங்க. போன வருசமும் கொஞ்சம் கொடி வாடியிருக்குமே, அதை என்ன பண்ணுனீங்க?"

"குப்பைக்குழியில போட்டு, எருவாக்கி மூணு ஏக்கர் காடு பூரா இறைச்சுப்போட்டேன்."

"அந்த எருவோடதான் பூஞ்சை காடு பூரா போயிருக்கோணும்."

ஊர் வந்து சேரும்வரை சுப்பாத்தாள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மனிடம் அவள் சபித்தது கையை, பெயரை அல்ல. இறங்கியதும் நேரே வரப்புக்குப் போனாள். தம்பிதுரை வேலிக்கு அந்தப்புறம் நின்றிருந்தான்.

"விஷம் வெச்சது என்ர கைதானுங்க," என்று நடந்ததைச் சொன்னாள். "நாளைக்கே போயி அந்தக் கல்லைக் கழுவிப்போட்டு வாரேன்."

"கல்லைக் கழுவிருவீங்க. பஸ்ஸுல சொன்னதை எந்தத் தண்ணியில கழுவுவீங்க, நங்கையா?"

மறுநாள் காலை அதே பஸ்ஸில் ஏறினாள். அதே முகங்கள். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காங்கேயம் தாண்டியும் அவளுக்கு வாய் திறக்கவில்லை.