ஜெயராணி அவசரத்தில் சுட்ட பல்

கடலூரில் ஒரு பல் லேபில் ஜெயராணி பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஜிர்கோனியா என்ற பீங்கானில் பல் செய்வது அவள் வேலை. பொடியை அழுத்திச் செய்த, சாக்பீஸ் மாதிரி எளிதில் சுரண்ட வரும் வில்லையிலிருந்து மெஷின் பல்லைக் கடைந்து தரும், தேவையானதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே. ஃபர்னஸில் ஆயிரத்து ஐந்நூறு டிகிரியில் வேகும்போது பொடியோடு பொடி ஒட்டி, நடுவிலுள்ள இடைவெளிகள் அடைபட்டு, பல் சரியான அளவுக்குச் சுருங்கி இறுகிவிடும். அதற்குப் பத்து மணி நேரம் ஆகும்.

போன வருஷம் சிதம்பரத்திலிருந்து பல் டாக்டர் பிரிசில்லா போன் செய்தார். செந்தமிழ்செல்வன் என்பவருக்கு மூன்று பல் சேர்ந்த பிரிட்ஜ் வேண்டும்; மகள் கல்யாணம், மறுநாளே வேண்டும் என்றார். தண்ணீர் விட்டுக் கடைந்த பிரிட்ஜை விளக்கடியில் நன்றாகக் காயவிட வேண்டும். ஜெயராணி துணியால் ஒற்றி மட்டும் எடுத்து, பத்து மணி நேரச் சூட்டை இரண்டு மணி நேரத்தில் முடித்தாள். பளபளவென்று வந்தது. வாயிலும் கச்சிதமாகப் பொருந்தியது.

மூன்றாவது வாரம் அது உடைந்தது. செந்தமிழ்செல்வன் இட்லிதான் சாப்பிட்டதாகச் சொன்னார். எதையோ கடித்திருப்பார் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். ஜெயராணி துண்டுகளை அனுப்பச் சொன்னாள்.

உடைந்த பக்கத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஓரம் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. நடுவில் ஊசிக்குத்துப் போல ஓட்டைகள். ஒன்றிலிருந்து மயிரிழை விரிசல். உள்ளே இருந்த ஈரம் திடீர்ச் சூட்டில் ஆவியாகி விரிசல் விட்டிருந்தது. மெதுவாகச் சுடாததால் ஓட்டைகளும் அடைபடவில்லை. ஒரு சொட்டு இங்க் வைத்தாள். நன்றாக வெந்த பீங்கான் இங்க்கை உறிஞ்சாது. இது உறிஞ்சியது.

சனிக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரம் போய், க்ளினிக்கில் டாக்டர் முன்னாலேயே செந்தமிழ்செல்வனைப் பார்த்தாள்.

"உங்க மேல தப்பு இல்ல சார். நான்தான் அவசரத்துல சுட்டுட்டேன்."

அவர் துண்டு எதையும் விழுங்கியிருந்தால் ஆபத்தா என்று டாக்டரிடம் கேட்டார். இல்லை என்றதும் இவள் பக்கம் திரும்பினார்.

"புதுசு செய்ய எத்தினி நாளாவும்?"

"நாலு நாள் சார்."

"நாலு நாளே எடுத்துக்கம்மா."

நாலு நாளில் செய்த அந்தப் புதுப் பிரிட்ஜ் இன்னும் அவர் வாயில் இருக்கிறது. ஆனால் நோயாளி முன்னால் அப்படிச் சொன்னது டாக்டருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் அங்கிருந்து ஒரு வேலையும் வரவில்லை. லேபில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஜெயராணி ஒவ்வொரு சூட்டிலும் அதே பீங்கானில் சின்னக் கட்டி ஒன்றையும் சேர்த்துச் சுட்டு, உடைத்துப் பார்த்தபிறகே பல்லை அனுப்பினாள்.

மூன்றாம் மாதம் பிரிசில்லாவிடமிருந்து பல் அளவெடுத்த அச்சோடு ஒரு பார்சல் வந்தது. இன்னொரு கல்யாண வீடு, இன்னொரு பிரிட்ஜ். ஜெயராணி போன் செய்து, நாலு நாள் ஆகும் என்று சொல்லி, அதுவரைக்கும் தற்காலிகமாகப் பிளாஸ்டிக் பல் போட்டு நோயாளியை அனுப்பச் சொன்னாள். டாக்டர் சரி என்றார்.