நிரப்பாத படிவம்

பாதுகாவலர் வேலையில் பயப்படாத மாதிரி நிற்பதற்குத்தான் சம்பளம். சீருடையோடு எட்டு மணித்தியாலம் கடை வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பயத்துக்காக நான் துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருக்க அனுமதி எடுக்க வெளிக்கிட்ட கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

மருந்துக்கடை வாசல்

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய ஸ்ட்ராத்ஃபீல்ட் புறநகரில் ஒரு கடைத்தொகுதியில் எனக்கு வேலை. வயது இருபத்து மூன்று. ஒரு மத்தியானம் மருந்துக்கடைக்குள் ஒருவன் கத்தியோடு நின்றான். என்னிடம் இருந்தது வோக்கி டோக்கி மட்டும். பொலிசுக்கு அறிவித்துவிட்டு, ஆட்களை வெளியே அனுப்பினேன். அவன் என்னைக் கடந்து போகும்போது நின்று, என் சட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு போய்விட்டான். பொலிஸ் வந்தபோது ஆளைக் காணவில்லை.

அன்று முழுக்கச் சட்டைப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டே நின்றேன். மேற்பார்வையாளர் செல்வம் அண்ணன் மலேசியாக்காரர், வசனத்துக்கு ஒரு 'லா' போடுவார். தேநீர் வாங்கித் தந்துவிட்டுச் சொன்னார்: "வெறுங்கையோட எத்தன நாளைக்கு நிப்ப, கஜன்? ஆர்ம்ட் கார்டுக்கு அப்ளை பண்ணு லா."

கோட்டுக்கு உள்ளே

ஆயுதக் காவலருக்கான பயிற்சியில் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால் வேலை உயர்வு என் நினைவிலேயே இல்லை. ரயிலடிக்கு நடக்கும்போது ஒவ்வொரு முகத்திலும் அவனைத் தேடிக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு உள்ளே, ஒருவருக்கும் தெரியாமல், ஒரு துவக்கு இருந்தால் போதும் என்று பட்டது.

இடைவேளையில் பயிற்சியாளரிடம் போனேன். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய வெள்ளைக்காரப் பெண். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது துவக்கை மறைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: "துப்பாக்கி வேலைக்குத் தருவது. உன் பயத்துக்கு இந்த நாட்டில் அனுமதி கிடையாது."

அம்மா வாசித்தது

அனுமதிப் படிவத்தை அம்மா சமைக்கும் குசினி மேசையில் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் அதில் இருந்த துவக்குப் படத்தை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் தேவையில்லை. கத்தவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"உனக்கு என்ன நடந்தது?" என்றார். மருந்துக்கடைக் கதையை முதன்முதலாக அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, ஊரில் செத்துப்போன என் மாமாவைப் பற்றிச் சொன்னார். யுத்தத்தில் சண்டைபிடித்துச் செத்தவர் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். மழைக்குள் சைக்கிளில் வந்தவரைத் தூரத்தில் நின்ற யாரோ சுட்டிருக்கிறார்கள்.

"சுட்டவனும் பயத்திலதான் சுட்டவனாம். இவன்ர கையில குடைதான் இருந்தது, தம்பி."

சுடுதளம்

ஆனாலும் போனேன். அவ்வளவு பயம். முதல் நான்கு குண்டுகளும் கடதாசி இலக்கில் ஒழுங்காகப் பட்டன. ஐந்தாவதுக்கு முன் பின்னால் ஒரு இரும்புக் கதிரை விழுந்தது. நான் திரும்பிவிட்டேன், கையில் துவக்கோடு, விரல் விசையில். பயிற்சியாளர் என் மணிக்கட்டைப் பிடித்து நிலத்தை நோக்கி அமுக்கினார். துவக்கின் வாய் ஒருத்தியைக் கடந்து போயிருந்தது. திருச்சியிலிருந்து படிக்க வந்த திவ்யா. அடுத்த முறைக்காகக் காத்து நின்றவள்.

வெளியே போய்ப் படியில் குந்திவிட்டேன். அவள் தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். போத்தலை நீட்டிவிட்டுச் சொன்னாள்:

"நான் உங்க முகத்தத்தான் பார்த்தேன். நீங்க என்னப் பார்க்கவே இல்ல."

செல்வம் அண்ணனின் லாச்சி

திங்கட்கிழமை அவரிடம் போய், நான் விண்ணப்பிக்கவில்லை, தனியாக நிற்காத இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். உடனே இடமாற்றத்துக்கு எழுதினார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, ஓரம் மஞ்சளாகிப்போன அதே துவக்கு அனுமதிப் படிவம் ஒன்றைக் காட்டினார்.

"பேரு மட்டும் எழுதினேன் லா. அதுக்கு மேல கை ஓடல."

இப்போது ஒரு மருத்துவமனை வாசலில் இரண்டு பேராக நிற்கிறோம். பயம் குறையவில்லை, பங்குபோட ஓர் ஆள் கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.