எச்சில் படாத பாலாடை

என்னிடம் ஒரு வெள்ளிப் பாலாடை இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். ஒரு தடவை அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தயாராக வைத்தாள். குழந்தைக்காக அல்ல, கல்யாண வயதில் இருந்த அக்காவுக்காக.

அக்காவுக்குக் கீழ்த்தாடை முன்தள்ளி இருக்கும், உதடுகள் சேராது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஆசாரப்படி டம்ளர் உதட்டில் படக் கூடாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். அக்கா அண்ணாந்தால் பாதி கழுத்தில் வழியும். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், பாவம், வழிந்துவிடுமே என்று பயந்து காப்பியை உறிஞ்சிவிட்டாள். "பொண்ணு எச்சில் பண்ணிக் குடிக்கறா, ஆசாரம் போறாது" என்று எழுந்து போனார்கள். தாடையைச் சொல்லக் கூச்சம், ஆசாரத்தின் மேல் பழியைப் போட்டார்கள். நன்றாக இருக்கட்டும்! அம்மாவும் அன்று அக்காவைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

அறுபதுகளின் நடுவில், திருச்சியில் ஒரு டாக்டர் தாடை எலும்பை அறுத்துப் பின்னுக்குத் தள்ளிக் கம்பி கட்டுகிறார் என்று அப்பா கேள்விப்பட்டு வந்தார். ரத்தம் போகும் என்று டாக்டர் முன்பே எச்சரித்ததால் அப்பாவும் அண்ணாவும் ரத்தம் கொடுத்தார்கள். வாய் திறக்க முடியாது, கொஞ்ச நாள் பாலாடையில்தான் ஆகாரம் என்றதும் அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "அதுவரைக்கும் எச்சில் பண்ணிக்கறேன்டி. அப்புறம் பாரு, உன்னை விட உசரத் தூக்கிக் குடிக்கறேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் குதிரை வண்டியில் ஏறினாள்.

அக்கா உயிரோடு திரும்பவில்லை. டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "தாடைக்கு உள்பக்கமா ரத்தக்குழாய் போகுதுங்க. எல்லாருக்கும் எலும்புக்கும் குழாய்க்கும் நடுவுல கொஞ்சம் சதை இருக்கும். இவங்களுக்கு எலும்பும் மெலிசு, குழாயும் ஒட்டியே இருந்துச்சு. எக்ஸ்ரேயில குழாய் தெரியாதுங்க. அடைக்க அடைக்க வந்துக்கிட்டே இருந்துச்சு." வெளியே துருத்திய தாடையை ஊரே பார்த்தது. உள்ளே இப்படி இருந்ததை யார் கண்டார்கள்? இப்போது அதே திருச்சியில், தில்லை நகர் ஆஸ்பத்திரிகளில், கத்தி வைக்கும் முன்பே ஸ்கேனில் குழாயைப் பார்த்துவிடுகிறார்கள். கேட்டால் சந்தோஷப்படத்தான் வேண்டும்; எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா கடைசியாகப் படுத்தபோது அந்தப் பாலாடையைத்தான் எடுத்தேன். ஆசாரக்காரியாயிற்றே என்று, மூக்கு உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்தேன். அம்மா என் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

"படட்டும்டி. அன்னிக்கு அவளைத் திட்டின வாய்தானே."

உதட்டில் வைத்து உறிஞ்சினாள், அக்கா உறிஞ்சின மாதிரியே.