இறால் வீட்டுக் கல்யாணம்

ராட்டர்டாமில் அலை இறங்கினால் சேறு மணக்கும். டீசலும் பாசியும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஷூவுக்குள் என் கால்விரல்கள் மடங்கிக்கொள்ளும், எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கப்போவதுபோல. நேற்று ஆற்றுப் படகில் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவுக்கு ஓயாமல் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். என் அரைகுறை டச்சில் யானையும் மழையும் மட்டும் பிடிபட்டன. நான் பார்ப்பதைக் கண்ட அம்மா, 'சாரி' என்று மகளின் வாயைப் பொத்தினாள். "சொல்லட்டுமே" என்றேன். புகார் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, இருவரும் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்கள். பவியைப் பார்த்திருந்தால் அந்தக் கை வாய்க்குப் போயிருக்காது.

பவி என் தங்கை கலாவின் மகள். ஐந்து வயது. கலா வெறுங்கையால் இறால் பிடிப்பவள். கழுத்தளவு நீரில் குந்திச் சேற்றைத் துழாவுவாள். கைகள் இரண்டும் அடியில் இருப்பதால் பறியை, அந்தப் பனையோலைக் கூடையை, பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். நீரில் இருக்கும் வரை பேச்சு கிடையாது. நான் ஊர் போயிருந்த சமயம், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஓரிடத்தில் அவள் கால் தொடைவரை புதைந்துவிட்டது. கூட இருந்த பெண்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். அதன்பின் பறி ஆணியில் தொங்கியது. அந்த வீட்டு அடுப்பு அவள் கைகளை நம்பி எரிவது. "தண்ணியப் பாத்தாலே காலு பின்னால போவுதுண்ணா" என்றாள். என்னிடம் ஆறுதல் இருந்தது. அதை வைத்து என்ன செய்ய?

ஒரு காலை பவி பறியை எடுத்து நீட்டினாள்.

"அது சாம்பல் இல்லம்மா, பவுடரு. எறா வூட்ல கல்யாணம். பொண்ணு மூஞ்சில பூசினு கீது. உன் காலப் புடிச்சது பொண்ணோட அம்மா. பத்திரிகை வெக்க."

"பத்திரிகை வெக்கறவ இப்டியாடி இழுப்பா?"

"வாய்ல பறிய வெச்சினு நீ மொறைச்சா, அது இன்னா பண்ணும்?"

கலா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே பறியோடு போய் நீரில் இறங்கினாள். பவி கரையில் நின்று உரத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: நண்டு மேளம் அடித்தது, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பாலத்தடியில் உட்கார்ந்தான். நடுவில் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கூதியது. குரல் அமுங்கியதும் கலா அப்படியே உறைந்து நின்றாள். குழந்தை அதைக் கவனித்தது. சங்கு ஓய்ந்ததும் "ஊதிட்டாங்க, தாலி கட்டப் போறாங்க!" என்று கத்தியது. தங்கையின் தோள்கள் மறுபடி நீரில் நகர்ந்தன. கரை எங்கே இருக்கிறது என்பதை அவளுக்கு அந்தக் குரல்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பறி நிறைய இறாலோடு ஏறியவள், அதை வாயிலிருந்து எடுத்ததும் முதலில் கேட்டது: "அப்பறம் இன்னாடி ஆச்சு?"

நான் புறப்பட்ட அன்றும் கலா நீரில்தான் இருந்தாள். பறியைக் கடித்தபடி சேற்றுக் கையை உயர்த்தினாள். ஆட்டோ காத்திருந்தது.

"கல்யாணம் முடிஞ்சுதாடி?" என்றேன்.

கரையில் நின்ற பவி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடிஞ்சிட்டா அம்மா எப்டி எறங்கும்? நீ போய்கினே கேளு மாமா, நா சத்தமா சொல்றேன்."